கேள்வி மேடை: அலபாமாவும் கியர்சார்ஜும்

சென்ற இதழில், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் மீது குண்டு பொழிந்த எம்டன் கப்பலைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதும்போது, தனியொரு கப்பலாக உலகக் கடல்களைச் சுற்றிப் பகைநாட்டு வணிகக் கப்பல்களை வேட்டையாடும் முறையில் எம்டனுக்கு மூத்தது அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புக்காகச் சுற்றிய அலபாமா என்றும், அதன் கதையை அதன் கேப்டனின் பழைய நண்பர் ஒருவரே முடித்துவைத்தார் என்றும் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே விடை தருகிறோம்.

கேள்வி: பழைய நண்பர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு கேப்டன்களும் உண்மையிலேயே நண்பர்களா, அல்லது கதைக்குச் சுவை கூட்டுவதற்காகப் பிற்காலத்தில் சேர்த்ததா?
— ஒரு வாசகர், இராயபுரம்

பதில்: உயிர் நண்பர்கள் என்று சொல்ல இயலாது, ஆனால் ஒரே அறையில் வாழ்ந்தவர்கள் என்பது மெய். அலபாமாவின் கேப்டன் ரஃபேல் செம்ஸ் 1809-இல் மேரிலாந்தில் பிறந்தவர். அதை மூழ்கடித்த வடதரப்புப் போர்க்கப்பலான கியர்சார்ஜின் கேப்டன் ஜான் வின்ஸ்லோ 1811-இல் வட கரோலினாவின் வில்மிங்டனில் பிறந்தவர். இருவரும் மீசை முளைக்கும் முன்பே அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்துவிட்டார்கள். 1846-இல் மெக்சிகோவுடன் போர் மூண்டபோது இருவருக்கும் ஆளுக்கொரு சிறிய கப்பலின் பொறுப்பு கிடைத்தது. இருவருமே அதை இழந்தார்கள். செம்ஸின் சோமர்ஸ், வேராக்ரூஸ் அருகே திடீரென வீசிய சூறையில் கவிழ்ந்து முப்பது பேருக்கு மேல் மாண்டனர். வின்ஸ்லோவின் மோரிஸ் டாம்பிகோ அருகே தரைதட்டி உடைந்தது. கப்பலைப் பறிகொடுத்த இந்த இரண்டு லெப்டினன்ட்களும் அதன்பின் ராரிட்டன் என்னும் பெரிய போர்க்கப்பலில் ஒரே அறையில் தங்கவைக்கப்பட்டார்கள். ஒருவருடைய இழப்பைச் சொல்லி மற்றவர் கேலி செய்வதும், அதற்கு அவர் பதிலுக்குக் கேலி செய்வதும் அங்கே வழக்கமாக இருந்தது.

இவர்களுடைய பிறப்பிடத்தைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். செம்ஸ் பிறந்த மேரிலாந்து, அடிமை முறை நிலவிய மாநிலமாக இருந்தும், அமெரிக்க ஒன்றியத்தை, அதாவது வடதரப்பை, விட்டு விலகவில்லை. வின்ஸ்லோ பிறந்த வட கரோலினாவோ விலகித் தென்தரப்பில் சேர்ந்தது. பிறந்த மண்ணைக் கொண்டு பக்கம் பிரித்திருந்தால் இருவரும் எதிரெதிர்க் கொடிகளை மாற்றிப் பிடித்திருக்க வேண்டும். செம்ஸ் நடுவயதில் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் குடியேறி, அங்கே வழக்கறிஞராகவும் தொழில் செய்து, 1861-இல் தென்தரப்புக்குச் சென்றார். வின்ஸ்லோ சிறுவயதிலேயே மாசசூசெட்ஸுக்குப் படிக்க அனுப்பப்பட்டு, அடிமை முறையைப் பாவமாகக் கருதும் மனிதராக வளர்ந்தார். விதி இவர்களை எதிரெதிராக நிறுத்தியது என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஐம்பது வயதை நெருங்கிய இரண்டு அதிகாரிகள், தாங்கள் யாருக்காகப் போரிடுகிறோம் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டேதான் பக்கம் சேர்ந்தார்கள்.

கேள்வி: பிரான்ஸின் துறைமுகத்துக்குள்ளேயே இருந்திருந்தால் அலபாமாவை யாரும் தொட்டிருக்க முடியாதே. செம்ஸ் ஏன் வலியச் சென்று சண்டைக்கு நின்றார்?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மயிலாப்பூர்

பதில்: அலபாமா 1864 ஜூன் 11 அன்று பிரான்ஸின் வடகரையில் உள்ள ஷெர்பூர் துறைமுகத்துக்குள் வந்தபோது அது களைத்துப்போன கப்பல். 1862 ஆகஸ்டில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே கொடியேற்றிய நாள் முதல், ஏறத்தாழ 22 மாதங்களில், அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும் சுற்றி, சுமார் 65 கப்பல்களைப் பிடித்திருந்தது. சொந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றில்கூட அது ஒரு நாளும் நங்கூரமிட்டதில்லை. அடிப்பகுதியில் அறைந்திருந்த செப்புத் தகடுகள் உரிந்து தொங்கின, கொதிகலன்கள் தேய்ந்திருந்தன. செம்ஸ் பழுதுபார்க்க உலர்துறை கேட்டார். ஆனால் ஷெர்பூரில் இருந்தது பிரெஞ்சுக் கடற்படையின் துறை. மூன்றாம் நெப்போலியனின் அனுமதி இல்லாமல் அதில் அயல்நாட்டுப் போர்க்கப்பலை ஏற்ற இயலாது. பேரரசரோ அப்போது பியாரிட்ஸில் இருந்தார்.

அனுமதி வருவதற்கு முன் வின்ஸ்லோ வந்துவிட்டார். அவருடைய கியர்சார்ஜ் அப்போது நெதர்லாந்தின் ஃபிளஷிங் துறைமுகத்தில் நின்றிருந்தது. பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதர் தந்தி அடித்தார். 14-ஆம் தேதி கியர்சார்ஜ் ஷெர்பூருக்கு வந்து, உள்ளே நங்கூரமிடாமல், வெளியே போய்க் காத்து நின்றது. அலபாமா கரையிறக்கிய கைதிகளைத் தன் கப்பலில் ஏற்றிக்கொள்ள வின்ஸ்லோ அனுமதி கேட்டபோது, நடுநிலைத் துறைமுகத்தில் எதிரி தன் ஆள்பலத்தைக் கூட்டிக்கொள்வதா என்று செம்ஸ் எதிர்ப்புத் தெரிவித்தார். அதன்பின் அவர் ஷெர்பூரில் இருந்த தென்தரப்பு முகவர் வழியாக ஒரு செய்தி அனுப்பினார்: நான் கியர்சார்ஜுடன் போரிடப் போகிறேன், ஏற்பாடுகளுக்கு ஓரிரு நாள் ஆகும், அதுவரை தயவுசெய்து போய்விட வேண்டாம். வின்ஸ்லோவுக்குப் போகும் எண்ணமே இல்லை.

உள்ளேயே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நாளுக்கு நாள் இன்னும் பல வடதரப்புக் கப்பல்கள் வாசலில் வந்து சேர்ந்திருக்கும். அலபாமா துறைமுகத்துக்குள்ளேயே துருப்பிடித்திருக்கும். அதாவது செம்ஸுக்கு இருந்த வழிகளில் ஒற்றைக் கப்பலோடு மோதுவதுதான் குறைந்த ஆபத்து என்று வாதிட இடமுண்டு. ஆனால் நம் கணிப்பில் அது மட்டும் காரணமில்லை. வடநாட்டுப் பத்திரிகைகள் அவரைக் கடற்கொள்ளையர் என்றும், பீரங்கி இல்லாத கப்பல்களை மட்டுமே எரிக்கும் கோழை என்றும் இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்தன. அவர் அதுவரை மூழ்கடித்த ஒரே போர்க்கப்பல், 1863 ஜனவரியில் கால்வெஸ்டனுக்கு அப்பால் இரவில் சிக்கிய ஹாட்டரஸ். அதையும் ஆங்கிலேயக் கப்பலின் பெயரைச் சொல்லி அருகில் வரவழைத்துத்தான் அடித்தார். பட்டப்பகலில், நேருக்கு நேர், ஒரு போர்க்கப்பலை வென்றாக வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்தது. அதே சமயம் அவர் கண்மூடித்தனமாகப் போகவில்லை. சண்டைக்கு முன்பே கப்பலில் இருந்த தங்க நாணயங்களையும், பிடிபட்ட கப்பல்களை எரிக்காமல் விட்டதற்குப் பின்னர் பணம் தருவதாக அவற்றின் தலைவர்கள் எழுதித் தந்த மீட்புப் பத்திரங்களையும் கரையில் ஒப்படைத்துவிட்டார். தோற்கவும் கூடும் என்று கணக்குப் போட்டவர் செய்கிற காரியம் அது.

கேள்வி: சண்டை எவ்வளவு நேரம் நடந்தது? கடலில் இரண்டு கப்பல்கள் மோதுவது எப்படி இருக்கும் என்று விளக்க முடியுமா?
— பள்ளி ஆசிரியை, பெரம்பூர்

பதில்: ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1864 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணியளவில் அலபாமா துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. பிரெஞ்சுக் கடல் எல்லைக்குள் சண்டை நடந்துவிடக் கூடாது என்பதற்காக, கூரோன் என்னும் பிரெஞ்சு இரும்புக் கவசக் கப்பல் மூன்று மைல் எல்லை வரை உடன் சென்றது. கியர்சார்ஜில் அப்போது வின்ஸ்லோ ஞாயிறு வழிபாடு நடத்திக்கொண்டிருந்தார். அலபாமா வருகிறது என்ற குரல் கேட்டதும் வேதநூலை வைத்துவிட்டு முரசறையச் சொன்னார். ஆனால் உடனே எதிரியை நோக்கி வராமல், கடலுக்குள் ஆறேழு மைல் விலகிச் சென்றார். அவர் ஓடுகிறார் என்று கரையில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் நினைத்திருக்கக் கூடும். சண்டை பிரெஞ்சு எல்லைக்கு வெளியே நடக்க வேண்டும், அடிபட்ட அலபாமா மறுபடி துறைமுகத்துக்குள் ஓடி ஒளியவும் கூடாது என்பதே அவர் கணக்கு.

10 மணி 57 நிமிடத்துக்கு, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், அலபாமா முதலில் சுட்டது. கியர்சார்ஜ் பதில் சுடாமல் நெருங்கி வந்தது. இரண்டு கப்பல்களும் வலப்பக்கப் பீரங்கிகளையே பயன்படுத்தின. ஒன்று மற்றொன்றின் பின்புறத்துக்கு வந்து நீளவாட்டில் சுட்டுவிடக் கூடாது என்பதால், இரண்டுமே வளைந்து வளைந்து திரும்ப வேண்டியிருந்தது. விளைவாக, எதிரெதிர்த் திசைகளை நோக்கியபடி, ஒரே மையத்தைச் செக்கு மாடுகள்போல் சுற்றிச் சுற்றி வந்தன. மொத்தம் ஏழு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் சுருங்கியது. அரை மைலாக இருந்த இடைவெளி கால் மைலாயிற்று. கடல் நீரோட்டம் வேறு அந்த வட்டம் முழுவதையும் மேற்கே இழுத்துச் சென்றது.

அலபாமாவின் ஆட்கள் வேகமாகவும் உயரமாகவும் சுட்டார்கள். 370 முறை சுட்டதாகக் கணக்கு. அவற்றில் கியர்சார்ஜின் மீது பட்டவை முப்பதுக்குள். கியர்சார்ஜ் சுட்டது 173 முறைதான். வின்ஸ்லோ தம் ஆட்களுக்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார்: பெரிய பீரங்கிகள் நீர்மட்டத்தை ஒட்டிக் கீழே குறிவைக்க வேண்டும், 32 பவுண்டுச் சிறிய பீரங்கிகள் எதிரியின் மேல்தளத்தைத் துடைக்க வேண்டும். அந்தப் பெரிய பீரங்கிகள் இரண்டு, 11 அங்குல வாயுள்ள டால்கிரன் வகை. அவற்றின் வெடிகுண்டு ஒன்றின் எடை சுமார் 60 கிலோ. மரத்தாலான கப்பலின் நீர்மட்டத்தில் அது நுழைந்து வெடித்தால் உண்டாகும் ஓட்டையைத் தச்சர்களால் அடைக்க முடியாது.

அலபாமாவின் தலைவிதி அப்படித்தான் முடிந்தது. தண்ணீர் புகுந்து அடுப்புகளை அணைத்தது. செம்ஸ் கரையை நோக்கித் திருப்பப் பார்த்தார். இயலாமல் கொடியை இறக்கினார். பிற்பகல் 12 மணி 24 நிமிடத்துக்கு அலபாமா பின்புறமாக மூழ்கியது. அதில் சண்டையிலேயே இறந்தவர்கள் ஒன்பது பேர், காயமுற்றவர்கள் இருபதுக்கு மேல், மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன். கியர்சார்ஜில் காயமுற்றவர்கள் மூன்றே பேர். அவர்களில் வில்லியம் கோவின் என்னும் மாலுமி பின்னர் ஷெர்பூர் மருத்துவமனையில் இறந்தார்.

கேள்வி: கியர்சார்ஜ் மறைவாக இரும்புச் சங்கிலிக் கவசம் போட்டிருந்ததாகவும், அது தெரியாமல்தான் செம்ஸ் தோற்றார் என்றும் படித்தேன். இது முறைதானா?
— லேத் பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்

பதில்: வந்த கடிதங்களில் நமக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், இரும்போடு பழகுகிறவர் கேட்கிற கேள்வி. முதலில் அந்தச் சங்கிலி என்ன என்பதைப் பார்ப்போம். கியர்சார்ஜின் நடுப்பகுதியில், எந்திரமும் கொதிகலனும் இருந்த இடத்துக்கு நேரே, உபரியாக வைத்திருந்த நங்கூரச் சங்கிலியை மேலும் கீழுமாக வரிசை வரிசையாகத் தொங்கவிட்டு இறுகக் கட்டியிருந்தார்கள். ஏறத்தாழ 50 அடி நீளம், ஆறடிக்குச் சற்று மேல் உயரம். அதன் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள பலகைகளை அடித்துக் கப்பலின் நிறத்திலேயே கறுப்பு வண்ணம் பூசிவிட்டார்கள். அழுக்கும் மழையும் சங்கிலிக்குள் சேராமல் இருக்கவும், பார்க்க லட்சணமாக இருக்கவும் பலகை என்பது அவர்கள் சொன்ன காரணம். நிலக்கரி தீர்ந்து கப்பல் நீரில் உயர்ந்து நிற்கும்போது எந்திர அறை எதிரியின் குண்டுக்கு நேராக வந்துவிடும். அதற்குத்தான் இந்தக் காப்பு. யோசனை, கியர்சார்ஜின் இரண்டாம் அதிகாரியான ஜேம்ஸ் தார்ன்டனுடையது. 1862-இல் நியூ ஆர்லியன்ஸைப் பிடித்த வடதரப்புக் கடற்படைத் தலைவர் ஃபாரகட்டின் கப்பல்கள் இதே போலச் சங்கிலி கட்டியிருந்ததை அவர் உடனிருந்து பார்த்தவர். ஷெர்பூர்ச் சண்டைக்காகச் செய்ததும் அல்ல. ஓராண்டுக்கு முன்பே அசோர்ஸில் கட்டிவிட்டார்கள்.

ஏமாற்று என்று செம்ஸ் காலமெல்லாம் குறைபட்டுக்கொண்டார். ஓர் இருவர்ச் சண்டையில் ஒருவன் சட்டைக்குள் கவசம் அணிந்துவந்தது போல என்பது அவர் வாதம். ஆனால் அலபாமாவின் அதிகாரிகளில் ஒருவரான ஆர்தர் சின்க்ளேரே, சங்கிலியைப் பற்றிச் செம்ஸுக்கு முன்னதாகவே தெரியும் என்று பின்னாளில் எழுதிவிட்டார். மேலும், அயல்நாட்டுக் கொடியைக் காட்டி ஏமாற்றிப் பல கப்பல்களை நெருங்கிய ஒருவர் பலகைக்கு அடியில் இருந்த சங்கிலியைக் குறை சொல்வது சற்று அதிகம். இரண்டு செயல்களுமே அன்றைய போர் வழக்குக்கு உட்பட்டவைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கிலி அன்று அவ்வளவாக வேலையே செய்யவில்லை. அதன் மீது பட்ட குண்டுகள் இரண்டு என்றும், அவையும் நீர்மட்டத்துக்குப் பல அடி மேலே பட்டதால் துளைத்துச் சென்றிருந்தாலும் கொதிகலனைத் தொட்டிருக்க முடியாது என்றும் கியர்சார்ஜின் மருத்துவர் பதிவு செய்தார். அவர் அந்தக் கப்பலின் ஆள்தான் என்பதைக் கழித்துக்கொண்டு படித்தாலும், கதையைத் தீர்மானித்தது சங்கிலி இல்லை என்பது தெளிவு.

தீர்மானித்தது வெடிமருந்து. போர்க்கப்பலின் மருந்து அறை குளிர்ச்சியாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். மருந்தை அவ்வப்போது மாற்றவும் வேண்டும். அலபாமாவின் மருந்து புறப்பட்டபோது ஏற்றியது. வெப்பமண்டலக் கடல்களின் ஈரத்திலும் சூட்டிலும் இரண்டு ஆண்டுகள் கிடந்தது. அதைப் புதுப்பிக்க அந்தக் கப்பலுக்குச் சொந்தத் துறைமுகம் எதுவும் இல்லை. சண்டையைப் பார்த்தவர்கள், அலபாமாவின் பீரங்கிகளிலிருந்து கனத்த கரும்புகை எழுந்ததையும், கியர்சார்ஜின் புகை மெல்லியதாக இருந்ததையும் கவனித்தார்கள். மருந்து முழுமையாக எரியாததன் அடையாளம் அது. 1864 ஏப்ரலில், பிடிபட்ட ராக்கிங்ஹாம் என்னும் கப்பலைக் குறியாக வைத்து அலபாமா பயிற்சி செய்தபோதே பல குண்டுகள் வெடிக்காமல் போயின. அதாவது செம்ஸுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே இது தெரியும்.

சண்டையின் தொடக்கத்திலேயே அலபாமாவின் பெரிய பிளேக்லி பீரங்கியிலிருந்து சென்ற ஒரு குண்டு, கியர்சார்ஜின் பின்புறத்தில் சுக்கானைத் தாங்கும் பெரிய மரத்தூணில் போய்ப் பதிந்தது; வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் கியர்சார்ஜ் திரும்பவும் வழியின்றி நின்றிருக்கும் என்று தென்தரப்பு எழுத்தாளர்கள் சொல்வார்கள். சொல்லலாம்தான். ஆனால் அந்த 'இருந்தால்' என்பதற்குள்தான் முழு விடையும் இருக்கிறது. வெடிக்காத குண்டு தற்செயலாக வெடிக்காமல் போகவில்லை. வெடிக்காமல் போகும் என்று தெரிந்த குண்டு அது. குண்டுகள் எதிரியின் பக்கத்தில் பட்டுச் சும்மா கடலில் விழுவதைச் செம்ஸே பார்த்து, வெடிகுண்டை விட்டுவிட்டு வெறும் இரும்புக் குண்டைப் போடச் சொன்னார். கூடவே, கியர்சார்ஜின் ஆட்கள் தொடர்ந்து பீரங்கிப் பயிற்சி செய்தவர்கள். அலபாமாவோ மருந்தை மிச்சப்படுத்துவதற்காகப் பயிற்சியைக் குறைத்துக்கொண்ட கப்பல். வணிகக் கப்பலை நிறுத்த ஒரு வெற்று வேட்டு போதுமே.

கேள்வி: அலபாமா நம் சென்னைக்கு வந்ததா? எம்டன் போல நம் கடற்கரையோடு அதற்கு ஏதாவது தொடர்பு உண்டா?
— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: சென்னைப் பட்டினத்துக்கு வரவில்லை. ஆனால் சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1863 டிசம்பரில் அலபாமா சிங்கப்பூரில் நிலக்கரி ஏற்றியது. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்கள், இந்த ஒரு கப்பலுக்கு அஞ்சி, சரக்கு ஏற்றாமல் முடங்கிக் கிடந்ததாகச் செம்ஸ் எழுதியிருக்கிறார். டிசம்பர் 24 அன்று மலாக்கா நீரிணையில் மார்த்தபான் என்ற கப்பல் சிக்கியது. பர்மாவின் மௌல்மீனிலிருந்து அரிசி ஏற்றிவந்த அதன் பின்புறத்தில் பெயர் புத்தம் புதிய வண்ணத்தில் மின்னியது. கொடி ஆங்கிலேயக் கொடி. ஆனால் கப்பலின் கட்டுமானம் அப்பட்டமாக அமெரிக்கம். அதன் தலைவர் அலபாமாவுக்கு வர மறுக்கவே, செம்ஸ் தாமே அங்கே போய்க் காகிதங்களைப் பார்த்தார். சில நாட்களுக்கு முன்புதான் மௌல்மீனில் கப்பலை ஆங்கிலேயர் பெயருக்கு மாற்றியிருந்தார்கள். உண்மையான விற்பனைப் பத்திரம் இல்லை. பினாமி என்றால் நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செம்ஸ் அதற்குத் தீ வைத்தார்.

அதன்பின் இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்கு வந்த அலபாமா, 1864 ஜனவரி 14 அன்று மலபார் கடற்பகுதியில் எம்மா ஜேன் என்னும் அமெரிக்கக் கப்பலைப் பிடித்து எரித்தது. அதன் ஆட்களை இறக்கிவிட்ட இடம், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த அஞ்சுதெங்கு. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, ஆங்கிலேயரின் பழைய கோட்டை இருக்கும் சிற்றூர். இந்தக் கரையில் அலபாமாவின் வேலை அத்தோடு முடிந்தது.

சென்னையில் அதற்கு என்ன வேட்டை கிடைத்திருக்கும் என்று கேட்டால், அமெரிக்கக் கப்பல்கள் இங்கே வராதவை அல்ல. உங்கள் பேட்டையிலேயே இருக்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டியது. ஆனால் அந்த நாளில் இங்கே மூடிய துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன. அந்தப் போர் இங்கே கொணர்ந்த பெரிய மாற்றம் வேறு வழியில் வந்தது. தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடதரப்பு முற்றுகையிட்டதால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றுபோயிற்று. திருநெல்வேலிப் பஞ்சுக்கும் கோயம்புத்தூர்ப் பஞ்சுக்கும் விலை ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது.

கேள்வி: அடிமை முறைக்காகப் போரிட்ட கப்பலில் கறுப்பின மக்கள் இருந்தார்களா?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: இருந்தார். டேவிட் ஹென்றி வைட் என்னும் பதினேழு வயது இளைஞர், டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்தவர், 1862 அக்டோபரில் டொனவாண்டா என்னும் பயணிகள் கப்பலில் அடிமையாகச் சென்றுகொண்டிருந்தபோது செம்ஸ் அவரைப் போரில் பிடித்த உடைமையாகக் கருதி எடுத்துக்கொண்டார். அதிகாரிகளின் உணவறையில் பணிக்கு வைத்தார். வைட் பல துறைமுகங்களில் கரையிறங்கியும் ஓடிப்போகவில்லை என்பதை, அவர் மனநிறைவோடு இருந்ததற்குச் சான்றாகச் செம்ஸின் தரப்பு எழுதியது. பதினேழு வயதில், அயல்நாட்டுத் துறைமுகத்தில், கையில் காசோ துணையோ இல்லாத ஒருவர் எங்கே ஓடுவார் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு நீந்தத் தெரியாது. ஜூன் 19 அன்று மூழ்கி இறந்தார்.

எதிர்க்கப்பலில் ஜோக்கிம் பீஸ் என்னும் கறுப்பின மாலுமி, பீரங்கிகளில் ஒன்றுக்குக் குண்டு ஏற்றியவர். அன்றைய சண்டைக்காகக் கியர்சார்ஜின் பதினேழு மாலுமிகளுக்கு நாட்டின் உயரிய வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. பீஸ் அவர்களுள் ஒருவர்.

கேள்வி: கப்பல் மூழ்கிய பின் செம்ஸ் என்ன ஆனார்? சரணடைந்தவர் தப்பிப்பது அறமா?
— ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: செம்ஸ் கையில் காயத்தோடு, வாளைக் கடலில் எறிந்துவிட்டுக் குதித்தார். கியர்சார்ஜின் படகுகளில் பல உடைந்திருந்தன. அருகில் டீர்ஹவுண்ட் என்னும் ஆங்கிலேய உல்லாசப் படகு நின்றிருந்தது. அதன் உரிமையாளர் ஜான் லங்காஸ்டர், அன்று காலை தேவாலயத்துக்குப் போவதா சண்டையைப் பார்க்கப் போவதா என்று குடும்பத்தாரிடம் வாக்கெடுத்து, பிள்ளைகளின் விருப்பப்படி கடலுக்கு வந்தவர். மூழ்குகிறவர்களைக் காப்பாற்ற உதவும்படி வின்ஸ்லோவே அவரைக் கேட்டுக்கொண்டார். டீர்ஹவுண்ட் செம்ஸ் உட்பட நாற்பது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு நேராகச் சவுத்தாம்ப்டனுக்குப் போய்விட்டது. சுடலாமா என்று அதிகாரிகள் கேட்டபோது வின்ஸ்லோ மறுத்துவிட்டார். அவருக்கு அதனால் கெட்ட பெயர் வந்தது; நம் பார்வையில் அன்று அவர் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது அதுதான்.

அறம் என்று கேட்டால், கொடியை இறக்கியவர் வென்றவரின் கைதி. அவர் தாமாக எதிரியிடம் போய்ச் சேர வேண்டும் என்பது வடதரப்பின் வாதம். மூழ்கும் கப்பலிலிருந்து நடுநிலை நாட்டவர் தூக்கிய மனிதருக்கு அந்தக் கடமை இல்லை என்பது மறுதரப்பு. 1865 டிசம்பரில் இதைக் காட்டியே செம்ஸைக் கைது செய்தார்கள். 1866 ஏப்ரலில் வழக்கு நடத்தாமலே விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த நாளில் அறத்துக்கு உதாரணம் தேடினால் செம்ஸிடம் போக வேண்டாம். அலபாமாவின் துணை மருத்துவர் டேவிட் ஹெர்பர்ட் லெவெலின், ஆங்கிலேயர், காயமுற்றவர்களைப் படகில் ஏற்றிவிட்டுத் தாம் கப்பலிலேயே நின்றார். நீந்தத் தெரியாத அவர் அங்கேயே மூழ்கினார்.

கேள்வி: இந்தச் சண்டையால் சர்வதேசச் சட்டத்துக்கு ஏதாவது விளைவு உண்டா?
— சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

பதில்: சண்டையால் அல்ல, கப்பலால். அலபாமாவைக் கட்டியது இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் இருந்த லேர்ட் நிறுவனம். வாங்கியவர் தென்தரப்பு முகவர் ஜேம்ஸ் புல்லக். ஆயுதம் பொருத்தாத வரை கப்பல் கட்டுவது குற்றமில்லை என்று வழக்கறிஞரின் கருத்தைப் பெற்றுக்கொண்டே அவர் காரியத்தில் இறங்கினார். லிவர்பூலில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி தாமஸ் டட்லி சான்றுகளைத் திரட்டி, கப்பலைத் தடுக்கும்படி ஆங்கிலேய அரசிடம் கொடுத்தார். கோப்பு, அரசியின் சட்ட ஆலோசகரான சர் ஜான் ஹார்டிங்கின் வீட்டுக்குப் போயிற்று. அவரோ மனநலம் குன்றியிருந்தார்; அது வெளியே தெரியாததால் கோப்பு ஐந்து நாள் அங்கேயே கிடந்தது. 1862 ஜூலை 29 அன்று தடுக்கலாம் என்ற கருத்து அரசுக்குக் கிடைத்தபோது, சோதனை ஓட்டம் என்ற பெயரில் சீமாட்டிகளையும் விருந்தினர்களையும் ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பிவிட்டது. விருந்தினர்கள் மாலையில் இழுவைப் படகில் திரும்பினார்கள், கப்பல் திரும்பவில்லை. கோப்பு தூங்கியதால் வந்த வினை நம் செயலகத்துக்கு மட்டும் உரியதல்ல.

போர் முடிந்ததும் அமெரிக்கா இழப்பீடு கேட்டது. 1871-இல் வாஷிங்டன் ஒப்பந்தம். அதன்படி அமெரிக்கா, இங்கிலாந்து, இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரேசில் ஆகியவற்றின் ஐந்து நடுவர்கள் ஜெனிவாவில் கூடினார்கள். 1872 செப்டம்பர் 14 அன்று, நடுநிலை நாடு தன் எல்லைக்குள் போர்க்கப்பல் உருவாவதைத் தடுக்க உரிய விழிப்போடு இருந்திருக்க வேண்டும் என்று கூறி, ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல், துல்லியமாக 1 கோடியே 55 லட்சம் டாலர், தங்கமாகத் தரும்படி இங்கிலாந்துக்குத் தீர்ப்பளித்தார்கள். இங்கிலாந்து கொடுத்தது. இரண்டு வல்லரசுகள் போருக்குப் போகாமல் நடுவர் மன்றத்தில் தீர்த்துக்கொண்ட வழக்குகளில் இதற்கு இன்றும் முதன்மையான இடம் உண்டு.

இன்னொரு சட்டச் சிக்கலும் இதில் உண்டு. 1984-இல் சிர்சே என்னும் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல், ஷெர்பூருக்கு அப்பால் ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில் அலபாமாவின் உடலைக் கண்டுபிடித்தது. 1864-இல் சண்டை பிரெஞ்சு எல்லைக்கு வெளியே நடந்தது. ஆனால் கடல் எல்லை இப்போது 12 மைல் என்பதால் சிதைவு பிரான்ஸின் நீருக்குள் கிடக்கிறது. தென்தரப்பு அரசு மறைந்துபோனதால் அதன் உடைமைக்கு வாரிசு தானே என்று அமெரிக்கா உரிமை கோரியது. 1989-இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, அகழாய்வைக் கூட்டாக மேற்பார்வையிட ஒரு குழுவை அமைத்தன.